காய்ச்சல் விட்டாச்சு, குதிக்கலாமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

விடுமுறைக் காலம் வந்தால் மலையேற்றம், ஸ்கூபா, பஞ்சி, பாராகிளைடிங் என்று கடிதங்கள் குவியும். அவற்றில் ஒரே ஜாதிக் கேள்விகளை இந்த முறை தனியே எடுத்து வைத்தோம். உடம்புக்குள் ஒரு கிருமி இருக்கிறது, அல்லது இப்போதுதான் போயிருக்கிறது, டிக்கெட்டோ எடுத்தாகிவிட்டது. தொற்றுநோய் மருத்துவமும் விளையாட்டு மருத்துவமும் பார்ப்பவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குத் தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டி, பத்து நாள் காய்ச்சல். ரத்தம் பார்த்துவிட்டு ‘மோனோ’ என்றார் டாக்டர். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது, நன்றாகச் சாப்பிடுகிறான். நண்பர்களோடு ரிஷிகேஷில் பஞ்சி ஜம்பிங்குக்குப் பணம் கட்டிவிட்டான். அனுப்பலாமா?
வாசகர், திருச்சி

இந்த முறை வேண்டாம். தேதியைத் தள்ளிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டோம் என்றால் பணம் போகட்டும்.

மோனோ, எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸால் வருவது. வெளியே தெரிவது தொண்டையும் நெறியும். உள்ளே வீங்குவது மண்ணீரல். இடது பக்கம் 9, 10, 11ஆம் விலா எலும்புகளுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் இது, சாதாரணமாக 150 முதல் 200 கிராம்தான் இருக்கும். மோனோ வந்தவருக்கு வெள்ளணுக்கள் வந்து அடைந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்காகப் பெருக்கும். உள்ளே இருப்பது பெருத்தாலும் உறை என்னவோ அதே உறைதான். இழுபட்டு மெலிகிறது, தாங்கிப் பிடிக்கும் நார்களும் தளர்கின்றன. விலா விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் எலும்பின் காப்பும் போய்விடும்.

அது கிழிவது அபூர்வம். ஆயிரம் பேரில் ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரைதான். ஆனால் கிழிந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், பத்தில் ஒன்பது பேருக்கு நோய் தொடங்கி 31 நாளுக்குள் கிழிந்திருக்கிறது. காய்ச்சல் விட்ட தேதியிலிருந்து எண்ணாதீர்கள், தொண்டை வலி தொடங்கிய தேதியிலிருந்து எண்ணுங்கள். அப்படி எண்ணினால் உங்கள் மகன் இன்று ஏறத்தாழ 17ஆம் நாளில் நிற்கிறார். அடியே படாமல், பலமாக இருமியதில், மலம் கழிக்க முக்கியதில் கிழிந்தவர்கள் இருக்கிறார்கள். ரிஷிகேஷ் பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டு குதிப்பது 83 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேலான உயரத்திலிருந்து. கயிறு இழுபடும் நொடியில் வயிற்று உறுப்புகள் மொத்தமும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை நோக்கிப் போய் முட்டித் திரும்பும். இடுப்பையும் வயிற்றையும் பட்டை இறுக்கிப் பிடிக்கும். கயிறு ஒரு முறை மட்டும் இழுப்பதில்லை, நான்கைந்து முறை தூக்கிப் போடும்.

“ஸ்கேன் எடுத்து அளவு சரியாக இருந்தால் போகலாமே” என்று அடுத்த கடிதம் வரும். ஸ்கேன் இங்கே நம்பகமான சாட்சி இல்லை. உயரமான, உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு இயல்பாகவே மண்ணீரல் பெரிது. நோய்க்கு முன் உங்கள் மகனுக்கு எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்று யாரும் அளந்து வைத்திருக்கப் போவதில்லை. ஆகவே நாளைத்தான் நம்ப வேண்டும். முதல் மூன்று வாரம் நடையைத் தவிர எதுவும் கூடாது; பளு தூக்குவதும் பைக்கில் குண்டு குழியில் போவதும் அதில் சேர்த்தி. நான்காவது வாரத்திலிருந்து லேசான ஓட்டம். கபடி, கால்பந்துக்கு நான்கு வாரம் முடிந்த பிறகு டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். பஞ்சி, பாராகிளைடிங், ராஃப்டிங் மூன்றுக்கும் எட்டு வாரம் என்பது எங்கள் கணக்கு. கொஞ்சம் கறாரான கணக்குதான்.

மலேரியா வந்து போனவர்களுக்கும் இதே அறிவுரை. விவாக்ஸ் வகையில்கூட மண்ணீரல் கிழியும்.

ஒருவேளை யாராவது குதித்தே விட்டார் என்றால் கவனிக்க வேண்டியது இடது மேல் வயிற்று வலியை மட்டுமல்ல. இடது தோள்பட்டை நுனியில், அடியே படாத இடத்தில் வலித்தால் அது மண்ணீரலின் குரலாக இருக்கலாம். கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்த, அந்த நரம்பு வலியைத் தோளில் காட்டும். படுத்தால் இந்த வலி கூடும். தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, நாடி வேகம் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சிடி ஸ்கேனும் அறுவை மருத்துவரும் ரத்த வங்கியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் படுக்க வைத்தே கொண்டு போங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடவே கூடாது, ரத்தப்போக்கு அதிகமாகும். சில சமயம் உறைக்குள்ளேயே ரத்தம் தேங்கி, குதித்துச் சில நாள் கழித்து உடையும். “அன்றைக்கு ஒன்றும் ஆகலையே” என்பதால் வலியைத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. மோனோவைச் சாதாரணத் தொண்டைப் புண் என்று நினைத்து அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வருவது வழக்கம். மகனுக்கு அப்படி வந்திருந்தால் பென்சிலின் ஒவ்வாமை என்று ஆயுளுக்கும் முத்திரை குத்த வேண்டாம். டாக்டரிடம் ஒரு முறை பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மலைப்பாதை அல்ட்ரா ஓட்டம், 50 கிலோமீட்டர். எட்டு மாதப் பயிற்சி. முந்தின நாள் 100 டிகிரி காய்ச்சல், உடம்பு வலி. பாராசிட்டமால் போட்டால் சரியாகிவிடுகிறது. ‘கழுத்துக்கு மேலே இருந்தால் ஓடலாம், கீழே என்றால் கூடாது’ என்கிறார்களே, அது சரியா?
வாசகர், கோவை

அந்த விதி மோசமில்லை. மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் கூடாது. உங்களுக்கு இருப்பது கழுத்துக்குக் கீழே. பாராசிட்டமால் தெர்மாமீட்டரை இறக்குமே தவிர வைரஸை இறக்காது.

நாங்கள் முதலில் பயப்படுவது இதயத் தசைக்கு. காக்ஸாக்கி போன்ற சாதாரண வைரஸ்கள் இதயத் தசையிலும் போய் உட்காரும். பெரும்பாலானவர்களுக்குச் சத்தமில்லாமல் ஆறிவிடும். ஆனால் காக்ஸாக்கி பி3 கொடுத்த சுண்டெலிகளை நீந்த வைத்து 1970ல் செய்த சோதனையில், ஓய்வில் இருந்தவற்றைவிட நீந்தியவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது, சேதமும் அதிகம். மனிதர்களில் ஒரு துயரமான உதாரணம் ஸ்வீடன். காட்டுக்குள் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு ஓடும் ஓரியண்டியரிங் அங்கே பெரிய விளையாட்டு. 1979 முதல் 1992 வரை அதில் 16 இளம் வீரர்கள் திடீரென்று இறந்தார்கள். பலருடைய இதயத்தில் அழற்சி இருந்தது. பார்ட்டோனெல்லா என்ற கிருமியின் மேல் சந்தேகம் விழுந்தது. பயிற்சியையும் போட்டியையும் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். உடம்பு சரியில்லாதபோது ஓடாதே என்று கறாராகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, தசை. ஃப்ளூ போன்ற காய்ச்சலில் தசை ஏற்கனவே நொந்திருக்கிறது. அதன்மேல் ஆறு மணி நேரம் ஏறி இறங்கினால், குறிப்பாக இறக்கத்தில், தசை நார்கள் உடைந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் கொட்டும். அது சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். அடையாளம்: தொடை கல்லாக இறுகி வீங்கும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும். சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் ‘ரத்தம் உண்டு’ என்று வரும், நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. அந்த முரண்பாடே நோயைக் காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் தசை உடைவைக் காட்டும் சிபிகே என்ற அளவு ஓடிய அன்றே உச்சத்துக்குப் போகாது, ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். ஆகவே முதல் நாள் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 5,000ஐத் தாண்டினால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். நரம்பு வழியே சலைன் ஏற்றச் சேர்க்க வேண்டும். வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுபவர்கள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, வெப்பம். காய்ச்சலோடு ஓடத் தொடங்குகிறவர் ஒரு டிகிரி கூடுதலாகவே தொடங்குகிறார். உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, வழி தெரியாமல் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை அமர்த்துங்கள். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், விசிறுங்கள். அரை மணிக்குள் 39க்குக் கீழே கொண்டு வந்தால் பிழைப்பார். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி.

எப்போது திரும்ப ஓடலாம்? காய்ச்சல் மாத்திரை இல்லாமல் இரண்டு முழு நாள் கழிந்து, காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடி உங்கள் வழக்கமான எண்ணுக்கு வந்த பிறகு. பத்து துடிப்பு கூடுதலாக இருந்தால் இன்னும் பொறுங்கள். காய்ச்சலுக்குப் பிந்தைய வாரங்களில் நெஞ்சு வலி, படபடப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், மயக்கம் எது வந்தாலும் ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தச் சோதனை, எக்கோ எடுக்காமல் ஷூவைத் தொடாதீர்கள். இதயத் தசை அழற்சி என்று உறுதியானால் வழக்கமான விலக்கு மூன்று முதல் ஆறு மாதம். அதன் பிறகும் ஹோல்டர் (நாள் முழுக்க எடுக்கும் ஈசிஜி), டிரெட்மில், பலருக்கு இதய எம்ஆர்ஐ பார்த்துத்தான் அனுமதி.

டிபி வந்து ஆறு மாத மருந்தை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. சளிப் பரிசோதனை நெகட்டிவ். புதுச்சேரியில் ஸ்கூபா பழக ஆசை. படிவத்தில் ‘நுரையீரல் நோய் உண்டா’ என்று கேட்கிறார்கள். குணமாகிவிட்டதால் ‘இல்லை’ என்று எழுதலாம்தானே?
வாசகி, விழுப்புரம்

எழுதக் கூடாது. கிருமி போய்விட்டது என்பதற்குத்தான் சளிப் பரிசோதனை. நுரையீரலின் வடிவம் பழையபடி ஆகிவிட்டதா என்பது வேறு கேள்வி. டிபி ஆறும்போது தழும்பு, குழி, மெல்லிய சுவருள்ள காற்றுப் பை, சுருங்கிய மூச்சுக்குழல் எதை வேண்டுமானாலும் விட்டுப் போகும். தரையில் இவற்றால் தொந்தரவே இருக்காது.

தண்ணீருக்குள் கணக்கு வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டு மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காக விரியும். நல்ல நுரையீரல் மூச்சை வெளியே விட்டுவிடும். வெளியேறும் வழி சுருங்கிய குழியில் காற்று மாட்டிக்கொண்டால் சுவர் கிழியும். பெரிய ஆழம் தேவையில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மீட்டர் ஏறியதில் கிழிந்த சம்பவங்கள் உண்டு. கிழிந்த இடத்திலிருந்து காற்று நெஞ்சறைக்குப் போனால் நுரையீரல் சுருங்கும். ரத்தக் குழாய்க்குள் போனால் குமிழ்கள் மூளைக்கு ஏறும். மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வராமல் போதல், வலிப்பு. பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் போலவே இருக்கும். படகிலேயே மல்லாக்கப் படுக்க வைத்து, முகமூடி வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். உட்கார வைக்கக் கூடாது. மறுபடி தண்ணீரில் இறக்கிச் சரிசெய்யலாம் என்று நினைக்கவே கூடாது. பிறகு அழுத்த அறைச் சிகிச்சை: 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆக்ஸிஜன் தருவார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது எக்ஸ்ரேயோடு நிற்காமல் நெஞ்சு சிடி ஸ்கேன் எடுப்பது. கூடவே ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை. ஸ்பைரோமெட்ரி மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒரு சின்னக் காற்றுப் பை அதில் தெரியாது. சிடியில் குழியோ காற்றுப் பையோ இருந்தால் ஸ்கூபா வாழ்நாளுக்கும் வேண்டாம். முகமூடியும் மூச்சுக்குழலும் வைத்து மேலேயே மிதந்து மீன் பார்க்கும் ஸ்நார்கெலிங்கில் இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அழுத்தக் காற்றை நீங்கள் இழுப்பதில்லை. சிடி சுத்தமாக, தழும்பு மட்டும் லேசாக இருந்தால், நீர்மூழ்கல் மருத்துவம் தெரிந்த ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஒரு மணி நேரம் மூழ்கிப் பார்க்கும் ‘ட்ரை டைவ்’ போகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். படகு கிளம்பும்போது நீட்டப்படும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக் கையெழுத்திடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. நுரையீரல் அந்தப் படிவத்தைப் படிப்பதில்லை.

சைனஸ் தொந்தரவு உண்டு. டைவுக்கு முன் மூக்கில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். காதிலும் எப்போதாவது சீழ் வரும்.
வாசகர், தூத்துக்குடி

ஸ்ப்ரே உங்களை இறக்கிவிடும், ஏற்றிவிடுமா என்பது நிச்சயமில்லை. ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்து மூக்குச் சவ்வு மறுபடி வீங்கினால், சைனஸுக்குள் போன காற்று மேலே வரும்போது விரிந்து வெளியேற வழியில்லாமல் நெற்றி பிளப்பது போல வலிக்கும். தண்ணீருக்கு அடியிலேயே தங்கிவிடவும் முடியாது, சிலிண்டர் தீர்ந்துவிடும். சளி பிடித்திருந்தால் அன்று டைவ் இல்லை.

சீழ் வரும் காது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். அதன் வழியே குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் போனால் சமநிலை உறுப்பு குழம்பி உலகமே சுழலும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. வாயில் மூச்சுக் கருவியோடு வாந்தி வரும். ஈஎன்டி மருத்துவரைப் பார்த்து ஓட்டையை அடைக்கும் வரை ஸ்கூபா வேண்டாம். சொத்தைப் பல்லில் சீழ் இருந்தாலும் முதலில் பல் டாக்டர். அடைபட்ட வாயு பல்லையும் விடாது.

மலையேற்றத்துக்கு முன் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு லீவோஃப்ளாக்ஸசின் ஐந்து நாள் எடுத்தேன். நோய் போய்விட்டது. நான்காம் நாள் இறக்கத்தில் குதிகாலுக்கு மேலே ‘சுருக்’ என்று வலி. சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கிறேன். தொடரலாமா?
வாசகி, பெங்களூரு

தேய்ப்பதை நிறுத்துங்கள், நடப்பதையும். இது சுளுக்கு இல்லாமல் இருக்கலாம்.

இங்கே கிருமி குற்றவாளி இல்லை, கிருமிக்குக் கொடுத்த மருந்து. சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் தசைநாண்களின் கொலாஜனைப் பலவீனப்படுத்தும். மக்னீசியத்தைப் பிடித்து இழுப்பதும், கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுவதும் காரணம் என்று கருதப்படுகிறது. அதிகம் மாட்டுவது கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தடித்த நாண், நம் வழக்கில் குதிநரம்பு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008ல் இந்த மருந்துகளின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்டு எச்சரிக்கை போடச் சொன்னது. சிக்கலற்ற சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தவிர்க்கும்படி 2016ல் மேலும் இறுக்கியது. நம் மருந்துக் கடைகளிலோ பேதிக்கும் நீர்க்கடுப்புக்கும் சீட்டில்லாமல் கிடைக்கிறது.

வலி, மருந்து தொடங்கிய இரண்டாம் நாளே வரலாம், நிறுத்திப் பல வாரம், சில மாதம் கழித்தும் வரலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஸ்டீராய்டு சேர்த்து எடுப்பவர்களுக்கும், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மூச்சிரைப்புக்கோ மலை உச்சித் தலைவலிக்கோ டெக்ஸாமெத்தாசோன் போட்டுக்கொண்டவர்களும் இதில் அடக்கம்.

வீட்டிலேயே ஒரு சோதனை. கட்டிலில் குப்புறப் படுத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். இன்னொருவர் கெண்டைச் சதையை நடுவில் அழுத்தட்டும். நாண் முழுதாக இருந்தால், விரல் நுனியில் நிற்பது போலப் பாதம் நீண்டு அசையும். அசையவில்லை என்றால் அறுந்திருக்கிறது. விரல் நுனியில் நிற்க முயன்று பார்த்து உறுதி செய்ய வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் போங்கள். அசைந்தாலும் தொட்டால் வலியும் வீக்கமும் இருந்தால் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். மருந்து மிச்சமிருந்தால் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மறுகாலையும் கவனியுங்கள், இது இரண்டு காலிலும் வரும் பழக்கமுள்ளது. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

இதே மருந்துகளுக்கு 2018ல் பெருந்தமனி கிழியும் அபாயம் பற்றியும் எச்சரிக்கை வந்தது. குடும்பத்தில் தமனி வீக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சுச் சளியோடு லே போய் அங்கிருந்து பைக்கில் கர்துங் லா ஏறலாமா? ஆன்டிபயாடிக் கையில் இருக்கிறது.
வாசகர், மதுரை

லடாக்கின் லே 3,500 மீட்டர், கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். உயரத்தில் ஆக்ஸிஜன் குறையும்போது நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். அதிகமாக ஏறினால் நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பும். சளித் தொற்றால் ஏற்கனவே அழற்சி பிடித்த நுரையீரல் இன்னும் சுலபமாகக் கசியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. உயரத்தில் வரும் இந்த நுரையீரல் வீக்கத்திலும் 38.5 டிகிரி வரை காய்ச்சல் அடிக்கும். சளியோடு போனவர் “பழைய சளிதான், ஆன்டிபயாடிக் போடுகிறேன்” என்று அங்கேயே படுத்திருப்பார். விடிவதற்குள் மூழ்கிவிடுவார்.

வேறுபாடு அறிய ஒரு சுலபமான வழி: தட்டையான தரையில் கூட்டாளிகளைவிட அதிகம் மூச்சு வாங்குகிறதா, உட்கார்ந்திருக்கும்போதும் வாங்குகிறதா? ஆம் என்றால் அது உயரத்தின் வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டாம் இரவிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். ஆக்ஸிஜன் கொடுத்து, ரத்த ஆக்ஸிஜன் அளவை 90 சதவீதத்துக்கு மேல் வைத்து, குறைந்தது 1,000 மீட்டர் இறங்க வேண்டும். இறங்கவோ ஆக்ஸிஜனோ கிடைக்காத இடத்தில், தெரிந்த மருத்துவர் சொன்னால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் 30 மில்லிகிராம் 12 மணிக்கு ஒரு முறை. கணவாயில் வந்தால் லே பக்கம் திரும்பிவிடுங்கள், 1,800 மீட்டருக்கு மேல் இறக்கம் கிடைக்கும்.

உங்களுக்குப் பதில்: சளி போகும் வரை மதுரையிலேயே இருங்கள். போனபின் விமானத்தில் இறங்கினால் லேயில் முதல் இரண்டு நாள் சும்மா இருந்து, அதன் பிறகு ஏறுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். அசெட்டசோலமைட் 125 மில்லிகிராம் காலை மாலை தலைவலி, குமட்டலைத் தடுக்கும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் கல்லீரலில் 7 செ.மீ. நீர்க்கட்டி என்று வந்தது. வலி இல்லை. வீட்டில் ஆடும் நாயும் உண்டு. அடுத்த மாதம் பாராகிளைடிங். சாதாரணக் கட்டி என்றுதானே இருக்க முடியும்?
வாசகர், சிவகங்கை

பெரும்பாலான கல்லீரல் நீர்க்கட்டிகள் சாதாரணம்தான். ஆனால் ஆடும் நாயும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆட்டின் ஈரலில் வளரும் ஒரு நாடாப்புழுவை அதைத் தின்ற நாய் சுமக்கும், நாயின் கழிவிலிருந்து முட்டை மனிதர் வயிற்றுக்குப் போகும். அதனால் வருவது ஹைடாடிட் கட்டி. பல வருடம் சத்தமில்லாமல் வளரும்.

அது உடைந்தால் இரண்டு விபரீதம். உள்ளிருக்கும் நீர் ரத்தத்தில் கலந்ததும் கடும் ஒவ்வாமை: உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைப்பு, ரத்த அழுத்தம் விழுதல். தரையிறங்கும்போது வயிற்றில் அடிபட்டு, சில நிமிடத்தில் ஒருவர் இப்படிச் சுருண்டால் எல்லோரும் எலும்பு முறிவைத் தேடுவார்கள். தேவைப்படுவது தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின். இரண்டாவது, சிந்திய புழுக்கருக்கள் வயிறு முழுக்க முளைத்து வருடங்கள் கழித்துப் பல கட்டிகளாக வரும்.

அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் குட்டிக் கட்டிகளோ, உரிந்து மிதக்கும் சவ்வோ தெரிகிறதா என்று கேளுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் செய்யுங்கள். அது தெளிவாகும் வரை யாரையும் ஊசி விட்டு நீரெடுக்க விடாதீர்கள். ஹைடாடிட் என்றால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் இரு வேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. ஊசி முறையா அறுவையா என்பது கட்டியின் வகையைப் பொறுத்தது. அடுத்த மாதப் பயணம் இல்லை.

டெங்கு வந்து பிளேட்லெட் 22,000க்கு இறங்கி, இப்போது 1.8 லட்சம். டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள். ராக் கிளைம்பிங் போகலாமா?
வாசகி, சேலம்

பிளேட்லெட் சரி, நீங்கள் இன்னும் சரியில்லை. டெங்குவுக்குப் பிறகு சிலருக்கு நாடி 50க்குக் கீழே மெதுவாக அடிக்கும், சிலருக்கு இதயத் தசையும் லேசாகப் பாதிக்கப்பட்டிருக்கும். கைப்பிடி பலம் திரும்பவும் வாரங்கள் ஆகும், பாறையில் தொங்க அதுதானே முதல்? இன்னும் இரண்டு வாரம் நடந்து, மாடி ஏறி, படபடப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, தரையோரச் சுவரில் தொடங்குங்கள். வலி வந்தால் ஆஸ்பிரின் வேண்டாம்.

கித்துல்கலவில் வெள்ளை நீர் ராஃப்டிங் போய் வந்து எட்டாம் நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. காலில் சிராய்ப்பு இருந்தது. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். மூன்று நாளில் இன்னொரு சாகசப் போட்டி இருக்கிறது.
வாசகர், கண்டி

போட்டியை மறந்துவிடுங்கள். எலிக்காய்ச்சலைத் தேடுங்கள். 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபாவில் நடந்த ‘ஈகோ சேலஞ்ச்’ பந்தயத்தில் 304 வீரர்கள் செகாமா ஆற்றில் நீந்தியும் படகோட்டியும் காடு கடந்தார்கள். பிறகு விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்த நோய் இருந்தது. 29 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பந்தயத்தின்போது டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொண்டவர்கள் ஓரளவு தப்பினார்கள். கிருமி சிராய்ப்பு வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் நுழையும். அறிகுறி தெரிய வழக்கமாக 5 முதல் 14 நாள். ஆகவே ஒரு ஆற்றில் வாங்கியதைச் சுமந்துகொண்டே அடுத்த பந்தயத்துக்குப் போகிறவர்கள் உண்டு. உடைந்த தசையும் வற்றிய உடம்பும் சேர்ந்தால், இந்தக் கிருமி குறிவைக்கும் சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

கண் வெள்ளை சிவந்திருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா பாருங்கள். முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் சோதனை பொய்யாக நெகட்டிவ் வரும், பிசிஆர் கேளுங்கள். கிரியாட்டினின், பிலிருபின், பிளேட்லெட், சிபிகே சேர்த்துப் பாருங்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவதுதான் நடைமுறை. லேசானதற்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரு வேளை, ஏழு நாள். மஞ்சள் காமாலையோ மூச்சுத் திணறலோ இருமலில் ரத்தமோ வந்தால் ஆஸ்பத்திரிதான். டாக்டரிடம் காய்ச்சல் வந்த தேதியோடு, ஆற்றில் இறங்கிய தேதியையும் காலில் இருந்த சிராய்ப்பையும் நீங்களாகவே சொல்லுங்கள். அவராகக் கேட்பது அபூர்வம்.